வால்வு ஆம்ப்: ஸ்பீக்கரை மாட்டிய பிறகே சுவிட்ச்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் கல்யாண வீட்டிலும் கோயில் விழாவிலும் வாசிக்கும் கிதார்காரர்கள் சிலர் இன்றும் வால்வு ஆம்பை, அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை, விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த ஆம்ப் வீணாவதற்கு ஸ்பீக்கர் ஒயரும் ஒரு காரணம்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகியவர்கள் ஷார்ட்டுக்குத்தான் பயப்படுவார்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் விட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்பில் இது தலைகீழ். சில நொடி ஷார்ட்டை அது பெரும்பாலும் தாங்கிவிடும். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால்தான் ஆபத்து. வால்விலிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் சக்தி ஸ்பீக்கரில் செலவாக வேண்டும். செலவாக வழியில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் (வால்வு பக்கச் சுருளில்) வோல்டேஜ் ஆயிரத்தைத் தாண்டி எகிறும். வால்வு சாக்கெட்டில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே பொறி பாய்ந்து கருப்புக் கோடு விழும். அந்தக் கரிக்கோடே அடுத்த முறை மின்சாரம் ஓடும் பாதையாகிவிடும். சாக்கெட்டை மாற்றிவிடலாம். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இன்சுலேஷன் போனால் கம்பியைப் புதிதாகச் சுற்றவோ, டிரான்ஸ்ஃபார்மரையே மாற்றவோ வேண்டும்.

நிகழ்ச்சி நடுவே கரண்ட் போகும்போது இந்தத் தவறு எளிதாக நடக்கிறது. லோட் ஷெடிங்கோ, தெருக் கேபிள் பழுதோ, இருட்டில் யாராவது சாமானை நகர்த்துவார்கள், ஸ்பீக்கர் ஒயர் கழன்றுவிடும். சுவிட்ச் ஆனிலேயே இருந்தால், கரண்ட் வந்ததும் ஸ்பீக்கர் இல்லாமலே ஆம்ப் ஓடத் தொடங்கும். கரண்ட் போனதும் முதல் வேலையாகப் பவர் சுவிட்சை அணையுங்கள்.

அடுத்தது ஒயர். கிதார் ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் ஒரே மாதிரி ஜாக்கில் நுழையும், அதனால்தான் குழப்பம். 50 வாட் ஆம்ப் 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கருக்கு 2.5 ஆம்பியர் அனுப்பும். கிதார் ஒயரின் மெல்லிய நடுக்கம்பி அதற்கு ஆனதல்ல. சூடேறி, ஒரு நாள் பாட்டு நடுவே அறுந்துவிடும். இரண்டு கம்பியும் 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு உள்ள ஸ்பீக்கர் ஒயரையே வாங்கி, இரு முனையிலும் கலர் டேப் சுற்றி வையுங்கள்.

மாட்டுமுன் மல்டிமீட்டரால் பாருங்கள். ஸ்பீக்கர் பக்கம் மாட்டிவிட்டு, ஆம்புக்குப் போகும் முனையில் அளக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும், 16 ஓம் என்றால் 12க்கு மேல். ஒயரை ஆட்டும்போது எண் குதித்தால் அதை மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் ஜாக்கின் தொடுமுனை பச்சை பிடிக்கும். அதற்கென்றுள்ள கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஓம் கணக்கு சுலபம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டிகள் பேரலலில் (பக்க இணைப்பில்) 4, சீரீஸில் (தொடர் இணைப்பில்) 16. ஆம்பின் பின்னால் அந்த எண்ணுக்குரிய ஸ்பீக்கர் இணைப்பில் மாட்டுங்கள். ஃபெண்டர் ஆம்ப் பலவற்றில் மெயின் ஸ்பீக்கர் ஜாக் காலியாக இருந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். எனவே முதல் பெட்டி எப்போதும் மெயினில், இரண்டாவதுதான் எக்ஸ்டென்ஷனில்.

பெட்டியை மாற்ற வேண்டுமா? ஆம்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து ஒயரைக் கழற்றுங்கள். ஸ்டாண்ட்பை சுவிட்சில் (வால்வு சூடாகவே இருக்க, ஒலியை மட்டும் நிறுத்துவது) விட்டுக் கழற்றுவது போதாது. யாராவது தெரியாமல் அதைத் தட்டிவிடலாம். ஆம்பின் பின்மூடியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது உயிரை எடுக்கும் அளவு. அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.