சத்தத்தைக் குறைத்தாலும் கத்துகிற குழல்

ஒரு கல்லூரி மாணவி இப்படிக் கேட்டிருந்தார்: "ஜாஸ்ராவுஷ் பிக்பேண்ட் என்ற ஜெர்மன் குழுவின் கச்சேரியை ராத்திரி ஃபோனில் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்திருந்தேன். அப்படியும் ட்ராம்போன்கள் உச்சத்துக்குப் போகும்போது கத்துவது போலவே கேட்டது. சத்தம் குறைந்தால் மென்மையாகத்தானே கேட்க வேண்டும்?"

என்ன அருமையான கேள்வி!

முதலில் குழுவைப் பற்றிக் கொஞ்சம். 2014-இல் மியூனிக்கில் ரோமான் ஸ்லாடெக் தொடங்கியது இது. அவரே ட்ராம்போன் கலைஞர். ட்ராம்போன் என்றால் சறுக்கும் குழாய் வைத்த நீண்ட பித்தளை ஊதுகுழல். உருப்படிகளில் பெரும்பாலானவற்றை எழுதுபவர் லியோன்ஹார்ட் கூன். பிக்பேண்ட் என்றால் ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன் வரிசைகளும் தாளக் கருவிகளும் சேர்ந்த பெரிய ஜாஸ் குழு. 1930-களின் நடன அரங்குகளில் கொடிகட்டிப் பறந்த வடிவம். இவர்கள் அதை ஹாரி க்ளைன் என்ற டெக்னோ (மின்னணு நடன இசை) கிளப்புக்குள் கொண்டுபோனார்கள். அடிக்கு அடி விழும் டெக்னோ தாளத்தின் மேல் பித்தளைக் குழல்கள் சொந்த இசையை வாசிக்கின்றன. 2020-இல் பீத்தோவனின் 250-ஆவது பிறந்த ஆண்டுக்கு அவருடைய இசையையும் இதே பாணியில் உடைத்துக் கட்டினார்கள்.

சரி, ட்ராம்போனுக்குள் போவோம். உதடுகள் அதிர்ந்து காற்றைத் துண்டு துண்டாக உள்ளே விடுகின்றன, குழலின் நீளம் சுரத்தைத் தீர்மானிக்கிறது. இது பள்ளியில் படித்ததுதான். அங்கே நமக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொரு விதி, ஒலியின் வேகம் அதன் உரப்பைப் பொறுத்து மாறாது என்பது. பேச்சுக்கும் பாட்டுக்கும் அது சரி. உரக்க ஊதும் ட்ராம்போனுக்குள் அது பொய்த்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அலையின் முகட்டில் காற்று நெருக்கப்பட்டிருக்கிறது. நெருக்கினால் சூடாகும், சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். அதைவிட முக்கியமானது, முகட்டில் இருக்கும் காற்றே முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஓடும் ரயிலுக்குள் முன்பக்கமாக நடப்பவரைப் போல, அந்தக் காற்றின் மேல் போகும் முகடு இரண்டு வேகத்தையும் சேர்த்துப் பெறுகிறது. அகட்டில் இதற்கு நேர்மாறு: காற்று குளிர்ந்து, பின்னோக்கி நகர்கிறது. ஆக முகடு முந்துகிறது, அகடு பிந்துகிறது.

எவ்வளவு முந்தும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். முழு மூச்சில் ஊதும்போது குழலுக்குள் போகும் அலையின் அழுத்தம் 5,000 பாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. அப்போது முகடு சாதாரண ஒலியைவிட நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் வேகமாகப் போகும். ட்ராம்போன் குழலின் நீளம் சுமார் 2.7 மீட்டர். அதைக் கடப்பதற்குள் முகடு 11 செ.மீ. முன்னே வந்துவிடுகிறது, அகடு அதே அளவு பின்தங்குகிறது. உதட்டிலிருந்து கிளம்பும்போதே அந்த அலையின் முன்பக்கம் ஓரளவு செங்குத்துதான். இந்தச் சில சென்டிமீட்டர்கள் சேர்ந்ததும் அது சுவர் போல நிமிர்ந்துவிடுகிறது. கரையை நெருங்கும் கடலலை முன்பக்கம் செங்குத்தாகி நிற்கிறதே, கிட்டத்தட்ட அந்தக் காட்சி. இப்படி நிமிர்ந்த அழுத்தச் சுவருக்கு அதிர்ச்சி அலை என்று பெயர். ஒலியை மிஞ்சும் விமானங்கள் எழுப்புவதும் இதே வகைதான்.

அதே கலைஞர் மெதுவாக, 50 பாஸ்கலில் ஊதினால் முகடு முந்துவது ஒரு மில்லிமீட்டர்தான். அலை வழவழப்பாகவே வெளியே வரும்.

கூர்மையான அலையில் மேற்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள், ஏராளம். ஆகவே உரக்க ஊதும்போது ஒலியின் அளவோடு அதன் தன்மையும் மாறுகிறது. மாணவியின் ஃபோன் குறைத்தது அளவை மட்டும்தான். மேற்சுரங்களின் விகிதம் அப்படியே இருக்கிறது, அதை வைத்து மூளை "இது முழு மூச்சில் ஊதியது" என்று கண்டுகொள்கிறது.

இதை 1996-இல் அளந்து காட்டியவர்கள் நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவனைச் சேர்ந்த ஹிர்ஷ்பெர்க்கும் அவருடைய டச்சு, பிரெஞ்சுக் கூட்டாளிகளும். ஊதுவாயில் ஓர் அழுத்தமானி, சறுக்குக் குழலின் முடிவில் இன்னொன்று. முதலாவதில் சாதாரண அலை, இரண்டாவதில் செங்குத்துச் சுவர். 2003-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ட்ரம்பெட்டிலிருந்து வெளிவரும் அதிர்ச்சி அலையைப் படமே பிடித்துவிட்டார்கள். "ட்ராம்போனை ஆராய்வதற்கா வரிப்பணம்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதே ஹிர்ஷ்பெர்க் எரிவாயுக் குழாய்களில் எழும் அதிர்வுகளையும் ஆராய்ந்தவர். குழாய்க்குள் ஓடும் காற்றுக்குத் தான் இருப்பது இசைக்கருவியிலா தொழிற்சாலையிலா என்று தெரியாது. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நம் பல்கலைக்கழகங்களும் தயங்காமல் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், ஒரு நம்பிக்கையையும் பேசியாக வேண்டும். அந்த உலோகக் கரகரப்பு உலோகத்திலிருந்து வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கலப்பு உலோகத்தை மாற்றினால் ஒலி மாறும் என்று பெருந்தொகை கொடுக்கிறவர்கள் உண்டு. 1980-களில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஸ்மித் ட்ராம்போனின் முன்னால் விரிந்திருக்கும் மணி போன்ற பகுதியை வெவ்வேறு தடிமனில் பொருத்தி, கலைஞர்களின் கண்ணைக் கட்டி ஊதச் சொன்னார். அவர்களால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது பிளாஸ்டிக் ட்ராம்போன்களே கடையில் கிடைக்கின்றன. உரக்க ஊதினால் அவையும் கரகரக்கின்றன. வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் காற்று.

குழலின் வடிவத்துக்குத்தான் உண்மையான பங்கு இருக்கிறது. ட்ராம்போனில் குழாய் சறுக்க வேண்டுமென்றால் அது நெடுந்தூரம் ஒரே அகலத்தில் இருந்தாக வேண்டும். அலை பரவ இடமில்லாமல் வலு குறையாமலே ஓடி நிமிர்கிறது. ஃப்ளூகல்ஹார்ன் என்ற இன்னொரு பித்தளைக் குழல் ட்ரம்பெட்டின் நீளம்தான், ஆனால் கூம்பு போல விரிந்துகொண்டே போகும். அலை பரந்து வலுவிழப்பதால் நிமிர நேரமில்லை. ஒலி பஞ்சு போல வரும். மென்மையான பாட்டுக்கு ட்ரம்பெட்காரர்கள் கருவி மாற்றுவது இதனால்தான்.

டெக்னோவில் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் அடிப்படை ஒலிகளில் ஒன்று ரம்பப்பல் அலை: ஒருபக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. அதன் மேற்சுரங்களை ஃபில்டர் என்ற வடிகட்டியில் மழுக்கி வைத்துவிட்டு, ஒரு குமிழை மெல்லத் திருகி அவற்றைத் திறந்துவிடுவார்கள். ஆடுகிற கூட்டம் காத்திருப்பது அந்தக் கணத்துக்குத்தான். ட்ராம்போன் வரிசை மெதுவாகத் தொடங்கி மூச்சை ஏற்றிக்கொண்டே போகும்போது, குழலுக்குள் உருவாகும் அலையும் ஏறக்குறைய அதே ரம்பப்பல். அந்த மாணவி அடுத்த முறை ஹெட்ஃபோனில் கேட்கட்டும். சத்தம் ஏறும் வழியில், வழவழப்பாக இருந்த சுரம் சட்டென்று கரகரக்கத் தொடங்கும் ஓர் இடம் வரும். அலை நிமிர்ந்த இடம் அது.