ஆந்தோசயனின்: கவுனி அரிசியில் இருக்கும் ஊதா

செட்டிநாட்டு வீடுகளில் கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊறப்போடுவார்கள். விடிந்து பார்த்தால் தண்ணீர் ஊதாவாகி இருக்கும். அந்தச் சாயம்தான் ஆந்தோசயனின். நாவல்பழம் தின்றால் நாக்கில் ஒட்டுவதும், ப்ளூபெர்ரிச் சாற்றுக்கு நிறம் கொடுப்பதும் இதுவே.

கிரேக்கத்தில் 'ஆந்தோஸ்' என்றால் பூ, 'கியானோஸ்' என்றால் கருநீலம். 1835இல் ஜெர்மானிய மருந்தாளர் லுட்விக் மார்க்குவார்ட் பூக்களின் நீல நிறமிக்கு இப்படிப் பெயர் வைத்தார். சயனைடு என்ற பெயரும் கியானோஸிலிருந்து வந்ததுதான். பயப்பட வேண்டாம், உறவு பெயரோடு சரி.

தமிழில் 'பூநீலம்' என்று நேராகச் சொல்லிவிடலாம். ஆனால் இந்த நிறமி புளிப்பில் சிவக்கும், புளிப்பு குறையக் குறைய நீலம் பக்கம் போகும். சங்குப்பூ ஊறிய வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள், நீலம் ஊதாவாகும். அதனால் பேச்சுக்கு 'ஊதா நிறமி' போதும் என்பேன். அறிவியல் கட்டுரையில் ஆந்தோசயனின் என்றே எழுதுவது நல்லது, ஏனென்றால் பீட்ரூட்டின் செவ்வூதா வேறு நிறமி.

இந்தச் சொல் இப்போது அதிகம் காதில் விழுவதற்குக் காரணம் ஃபேட்டி லிவர், அதாவது கொழுப்பேறிய ஈரல். சர்க்கரை, தொப்பை, இரத்தக் கொழுப்பு எல்லாம் கூட்டாக வரும் உடம்பில் இன்சுலினின் சொல் எடுபடுவதில்லை. கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்கிறது. 'மது சாராத' என்றிருந்த நோயின் பெயரை 2023இல் 'வளர்சிதைமாற்றக் கோளாறு சார்ந்த' என்று மருத்துவ உலகம் மாற்றியதும் இதனால்தான். கொழுப்புத் தீனி கொடுத்து வளர்த்த எலிகளுக்குப் பெர்ரிச் சாறோ அதன் சத்தோ கொடுத்தபோது, ஈரலில் கொழுப்பும் ஆக்சிஜனேற்றச் சேதமும் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய, குறுகிய கால ஆய்வுகள்; முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. குடித்த நிறமியில் கொஞ்சம்தான் அப்படியே இரத்தத்தில் சேர்கிறது. மிச்சத்தைக் குடல் நுண்ணுயிர்கள் உடைத்துச் சின்னச் சின்ன அமிலங்களாக்குகின்றன. வேலை செய்வது அவையாகவும் இருக்கலாம்.

ஆனால் சாறு பிழியும்போது நார் போய்விடுகிறது, கடையில் சர்க்கரை வேறு சேர்கிறது. சர்க்கரையின் பாதி ஃபிரக்டோஸ். அதைக் கையாளும் வேலை பெரும்பாலும் ஈரலுக்குத்தான், அளவு மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாக மாறும். கவுனி அரிசிக்கும் இதே கணக்குதான். சர்க்கரை, தேங்காய், நெய் சேர்த்த கல்யாணக் கவுனி நாக்குக்கு விருந்து. ஈரலுக்கு மருந்து என்று சொல்லி இரண்டாம் தடவை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஆனி, ஆடியில் நாவல்பழம் கிடைக்கும்போது பழமாகவே தின்னலாமே.

அப்புறம், பாட்டில் பானங்களின் பொருள் பட்டியலில் 163 என்ற நிறமி எண் இருந்தால் அதுவும் ஆந்தோசயனின்தான். வண்ணத்துக்காகச் சேர்த்திருப்பார்கள். சர்க்கரை எத்தனை கிராம் என்று அருகில் போட்டிருப்பதையும் சேர்த்துப் படியுங்கள்.