சாம்பல் மேடும் நரபலித் தலைப்புச் செய்தியும்

2016 ஆகஸ்டில் கிரேக்கத்திலிருந்து ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அந்நாட்டின் ஆர்க்காடியா பகுதியில் உள்ள லிகேயோன் மலையில், பழங்காலக் கிரேக்கர்களின் தலைமைக் கடவுளான ஜீயஸின் பலிபீடத்துக்குள்ளேயே ஒரு பதின்வயதுப் பையனின் எலும்புக்கூடு கிடைத்தது. உடனே ‘நரபலிக்கு ஆதாரம் சிக்கியது’ என்கிற தோரணையில் தலைப்புகள் வந்துவிட்டன. அகழாய்வு செய்தவர்களோ, பையன் எப்படி இறந்தான் என்பதை இப்போதே சொல்ல முடியாது என்றுதான் சொன்னார்கள். அதை யார் பெரிய எழுத்தில் போடுவார்கள்? பழைய எலும்புகளை வகை பிரித்துப் பார்ப்பது என் தொழில் என்பதால், ‘இது உண்மையா?’ என்ற கேள்வி இன்றும் என்னிடம் வருகிறது. ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பீடத்தைப் பற்றி. அங்கே தூணோ மேடையோ கிடையாது. சுமார் 1,380 மீட்டர் உயரத்தில், தலைமுறை தலைமுறையாக எரித்த நெருப்பின் சாம்பலே மேடாகிக் கிடக்கிறது. குறுக்களவு கிட்டத்தட்ட 30 மீட்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கத் தொல்லியலாளர் குரூனியோட்டிஸ் அங்கே தோண்டினார். 2004இல் டேவிட் ரோமானோவும் மேரி வொயாட்ஸிஸும் இருக்கும் கிரேக்க அமெரிக்கக் குழு மறுபடி வேலையைத் தொடங்கியது. குட்டி வெண்கல முக்காலிகள், நாணயங்கள் எல்லாம் கிடைத்தன என்றாலும், சாம்பலில் மிகுதியாக இருந்தவை எரிந்த எலும்புத் துணுக்குகளும் உடைந்த கிண்ண ஓடுகளும்தான். பார்ப்பவர்களுக்கு வெறும் குப்பை.

அந்தக் குப்பைதான் பேசுகிறது. எலும்புகளில் மிகப் பெரும்பாலானவை செம்மறியாடு, வெள்ளாடு. அதிலும் முழு ஆடு இல்லை. தொடை எலும்பு, முட்டிச்சில்லு, வால் எலும்பு, இந்த மூன்றுமே குவிந்து கிடக்கின்றன. மற்ற பாகங்கள் அரிது. அதாவது ஆட்டை அறுத்து, சதையை மனிதர்கள் வைத்துக்கொண்டு, சாமிக்கு இந்தப் பங்கை மட்டும் நெருப்பில் போட்டிருக்கிறார்கள். பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் பாடல்களிலும் தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றி எரிப்பது திரும்பத் திரும்ப வருகிறது. எலும்பைக் கொழுப்பால் மூடி ஜீயஸை ஏமாற்றிய புரோமீத்தியஸ் என்ற புராணப் பாத்திரத்தின் கதையை இன்னொரு பழங்காலக் கவிஞர் ஹெசியோட் சொல்கிறார். கடவுளுக்கு ஏன் எலும்பு, நமக்கு ஏன் கறி என்ற சங்கடம் கிரேக்கர்களுக்கே இருந்திருக்கும்போல.

இதில் எனக்குப் பிடித்தது முட்டிச்சில்லு. ஆட்டினுடையது சின்ன நெல்லிக்காய் அளவுதான் இருக்கும், நெருப்பில் இன்னும் சுருங்கிவிடும். அதில் கறி கிடையாது, யாரும் அதைத் தனியாகத் தேடி எடுத்துப் படைக்கப் போவதில்லை. ஆனாலும் சாம்பலில் இருக்கிறது என்றால், கத்தி முட்டிக்குக் கீழே இறங்கியிருக்கிறது, சில்லு தொடையோடு ஒட்டிக்கொண்டே நெருப்புக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். எந்த நூலும் சொல்லாத ஒரு வெட்டு, இந்தத் துணுக்கில் தெரிகிறது. அப்புறம் நிறம். கருப்பாக இருந்தால் நெருப்பு குறைவு, சாம்பல் நீலம் தாண்டி வெள்ளையாகிவிட்டால் நெடுநேரம் கடும் சூட்டில் இருந்திருக்கிறது. வளைவான விரிசல்கள் இருந்தால், பெரும்பாலும் காய்ந்த எலும்பாக இல்லாமல் பச்சையாகவே எரிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். வாலுக்கும் ஒரு கதை உண்டு: கிரேக்கப் பானை ஓவியங்களில் பீடத்து நெருப்பில் ஒரு வால் மேல்நோக்கி வளைந்து நிற்கும். ஓவியரின் கற்பனை என்று நினைக்கலாம். இன்று ஆய்வாளர்கள் வாலை நெருப்பிலிட்டுப் பார்த்தார்கள், அது அப்படியேதான் வளைந்தது.

சரி, அந்தப் பையன்? லிகேயோனில் நரபலி என்ற பேச்சு பழையது. அங்கே பலிக் குடலோடு கலந்த மனிதக் குடலைத் தின்றவன் ஓநாயாகிவிடுவான் என்ற கதையைக் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ குறிப்பிடுகிறார். பிறகு வந்த பயண எழுத்தாளர் பவுசானியஸ், அந்தப் பீடத்தில் ரகசியமாகப் பலி கொடுக்கிறார்கள், அதைத் துருவிப் பார்க்க எனக்கு மனமில்லை என்று எழுதி நகர்ந்துவிடுகிறார். ஆனால் எலும்புக்கூட்டுக்குக் கொடுத்த முதல்கட்டக் காலக்கணிப்பு கி.மு. 11ஆம் நூற்றாண்டு. பிளேட்டோவுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. பையனைக் கிழக்கு மேற்காகக் கிடத்தி, இரு பக்கமும் கல் வரிசை வைத்திருக்கிறார்கள். மண்டையோட்டின் மேல்பகுதி மட்டும் இல்லை. ஆட்டுத் தொடைக்கு நடந்தது இவனுக்கு நடக்கவில்லை, இவன் அடக்கம் செய்யப்பட்டவன். பலிபீடத்துக்குள் அடக்கம் செய்வது வழக்கத்துக்கு மாறானது, அதனால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் பின்னாளில் எழுதிய கதையை எடுத்து முன்னால் கிடக்கும் எலும்பின் மேல் ஒட்டுவது ஆய்வாகாது.

நான் மேலே சொன்ன எதையும் தனியாக எடுத்த ஒரு எலும்பை வைத்துச் சொல்ல முடியாது. எந்த அடுக்கில், எந்த ஓட்டுக்குப் பக்கத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெட்டல் டிடெக்டரோடு வருபவன் ஒரு நாணயத்துக்காக ஒரு முழ ஆழம் குடைந்தால், மைசீனியக் காலத்துச் (கிரேக்கத்தின் வெண்கலக் காலத்துப் பிற்பகுதி) சாம்பலும் அதற்குப் பல நூறு ஆண்டு பிந்தைய சாம்பலும் கலந்துவிடும். பிறகு எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. கிரேக்கத்தில் 2002ஆம் ஆண்டின் 3028ஆம் சட்டப்படி, தொல்பொருள் தேட இந்தக் கருவியைப் பயன்படுத்த அனுமதி வேண்டும். அந்தக் குடைச்சல் நடப்பதே வாங்க ஆள் இருப்பதால்தான். இணைய ஏலத்தில் ‘பழைய கிரேக்கக் காணிக்கைப் பொம்மை’ என்று ஒன்றைப் பார்த்தால், எந்த அகழாய்வில், எந்த ஆண்டு கிடைத்தது, ஏற்றுமதிச் சான்று எங்கே என்று கேளுங்கள். ‘ஒரு பழைய தனியார் சேகரிப்பு’ என்று மட்டும் பதில் வந்தால் வாங்காதீர்கள்.

சுற்றுலா போகிறவர்களுக்கும் இதேதான். காலடியில் ஒரு பானை ஓடு தட்டுப்பட்டால் படம் எடுங்கள், தொடாமல் காவலரிடம் சொல்லுங்கள். ‘ஒரே ஒரு ஓடுதானே’ என்று பையில் போடாதீர்கள், சட்டப்படி அதுவும் தொல்பொருள்தான்.