ஃபெரெட் ஏன் திடீரென்று சுருண்டு விழுகிறது?

ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் வளர்க்கும் ஃபெரெட்டுக்கு (கீரியைப் போல நீண்ட உடல்கொண்ட, இறைச்சி தின்னும் சிறு பிராணி) ஐந்து வயது. காலையில் காலுறையைத் திருடிக்கொண்டு ஓடியிருக்கிறது. மதியம் தூங்கி எழுந்ததும் எங்கோ வெறித்துப் பார்த்தது, எச்சில் ஒழுகியது, முன்னங்காலால் வாயைப் பிராண்டியது. பின்னங்கால்கள் துவண்டன. அப்புறம் வலிப்பு. "நான் எதைத் தப்பாகக் கொடுத்தேன்?" என்ற கேள்வி அந்தக் கடிதத்தில் மூன்று முறை வருகிறது.

மருத்துவர் பார்த்தபோது ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 42 மில்லிகிராம். ஆரோக்கியமான ஃபெரெட்டுக்கு அது ஏறக்குறைய 90 முதல் 120 வரை இருக்கும். காரணம் இன்சுலினோமா, அதாவது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் கட்டியாகப் பெருகுவது. நடுவயதைத் தாண்டிய ஃபெரெட்டுகளுக்கு அடிக்கடி வருகிற நோய்தான். இன்சுலின் கூடினால் சர்க்கரை இறங்கும். மூளையிடம் சர்க்கரைக் கையிருப்பு அதிகம் கிடையாது, அதனால் அதுதான் முதலில் தடுமாறும். இதெல்லாம் பள்ளிப் பாடம்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறது என்று ஒரு பீட்டா செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இதை அளக்க அதனிடம் தனிக்கருவி எதுவும் இல்லை. அது சர்க்கரையைத் தின்கிறது, அவ்வளவுதான். தன் வயிறு நிறைந்ததை வைத்து ஊரே சாப்பிட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறது!

நுழைந்த சர்க்கரை எரிந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு ஆகிறது. செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேற ஒரு வாசல் உண்டு. ஏடிபி பெருகியதும் அந்த வாசல் மூடிக்கொள்கிறது. நேர்மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் உள்ளேயே தங்க, செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. மாறியதும் கால்சியத்துக்கான வாசல்கள் திறக்கின்றன. கால்சியம் பாய்ந்து வந்ததும், தயாராக இருந்த இன்சுலின் பைகள் சவ்வோடு ஒட்டி வெளியே கொட்டுகின்றன. சாப்பாட்டில் தொடங்கி மின்சாரம் வழியாக ஹார்மோனில் முடிகிற இந்தச் சங்கிலியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கட்டியான செல்களில் இந்தக் கணக்கு பிசகிவிடுகிறது. சர்க்கரை வற்றும்போதும் அவை கொட்டிக்கொண்டே இருக்கின்றன.

1983இல் ஜப்பானிய உடலியல் ஆய்வாளர் அகினோரி நோமா இந்தப் பொட்டாசியம் வாசலைக் கண்டது கினிப்பன்றியின் இதயச் செல்லில். ஃபெரெட்டும் சர்க்கரை நோயும் அந்த ஆய்வின் பேச்சிலேயே இல்லை. அடுத்த ஆண்டே பீட்டா செல்லிலும் அது இருப்பது தெரிந்தது. இன்று சர்க்கரை நோயாளிகள் விழுங்கும் கிளிபென்கிளமைடு அதே வாசலை மூடுகிறது. இன்சுலினோமாவுக்குத் தரப்படும் டயசாக்சைடு அதைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. "இந்த ஆய்வால் என்ன பயன்?" என்று கேட்டுவிட்டு நிதியை வெட்டுகிறவர்களிடம் இதைத்தான் சொல்லத் தோன்றும்.

சரி, இது ஏன் திடீரென்று வந்தது? உண்மையில் திடீரென்று வரவில்லை. ஃபெரெட் ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் தூங்கும் பிராணி. சோர்வு மெல்லக் கூடினாலும் தூக்கம் என்றுதான் தெரியும். அதன் குடல் வேறு குட்டை. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். நீண்ட தூக்கம் என்றால் அதற்கு நீண்ட பட்டினி. வாசகி எதையும் தப்பாகக் கொடுத்ததால் அன்று மதியம் வலிப்பு வரவில்லை.

யாரோ அவரிடம் "ஏதோ புகுந்திருக்கிறது" என்றார்களாம். ஈறில் கொஞ்சம் தேன் தடவினால் சில நிமிடங்களில் தெளிவது அப்படி என்ன ஆவி? வலிப்பின்போது அந்தத் தேனையும் பஞ்சுக் குச்சியால்தான் தடவ வேண்டும். விரலை விட்டால் கடிபடும். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். தெளிந்து விழுங்கத் தொடங்கியதும் இறைச்சி உணவு தர வேண்டும், இனிப்பைத் தொடரக் கூடாது. இனிப்பு அந்தக் கட்டியை உசுப்பிவிட, இன்சுலின் இன்னும் கொட்டி, சர்க்கரை மறுபடி சரியும். தேனால் கிடைப்பது மருத்துவமனைக்குப் போவதற்கான அவகாசம் மட்டும்தான்.

அடுத்து என்ன செய்வது என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைக்கும்; போதாவிட்டால் டயசாக்சைடும் சேரும். கட்டி வளர வளர மருந்தின் அளவும் கூடும். அறுவைச் சிகிச்சை உண்டு, ஆனால் கண்ணுக்குத் தப்பிய சிறு முடிச்சுகள் பிறகு தலைதூக்குவது சகஜம். முழுக் குணம் என்று நம்பவைத்தால் அது பொய். நல்ல மாதங்கள் கிடைக்கும் என்பது பொய்யில்லை.

"இரவில் எழுப்பி ஊட்டலாமா?" என்றும் கேட்டிருந்தார். ஊட்டலாம். தூங்கும் இடத்தருகே எப்போதும் இறைச்சி உணவு இருக்கட்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி, இரண்டு வாய் தின்கிறதா, பின்னங்கால் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்க விடலாம்.