கடைசிக் கட்டத்தில் யார் சிரிக்கிறார்?

தாட்சுயா இஷிடா 2000 ஜனவரியில் இணையத்தில் தொடங்கிய ‘சின்ஃபெஸ்ட்’ காமிக்ஸில் கடவுள் என்பது மேகத்திலிருந்து நீளும் இரண்டு கைகள்தான். கைப்பொம்மைகளை ஆட்டிச் சாத்தானை வம்புக்கு இழுப்பார். பெண்களின் பின்னால் அலையும் ஸ்லிக், தன் கவர்ச்சியை நன்றாக அறிந்த மோனிக், சாத்தான் என எல்லோருமே கேலிக்கு ஆளானார்கள். 2011இல் மூன்று சக்கர சைக்கிளில் ஒரு சிறுமி வந்தாள். அவளோடு பெண்ணியமும் ஆணாதிக்க எதிர்ப்பும் கதைக்குள் வந்தன. மோனிக் நடையுடையை மாற்றிக்கொண்டாள். ஸ்லிக்கின் சேட்டைகள் குற்றங்களாகத் தெரியத் தொடங்கின.

படைப்பாளியின் நம்பிக்கை மாறும்போது அது வசனத்தில் முழக்கமாக வருவதற்கு முன்பே சிரிப்பின் திசையில் தெரிந்துவிடும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், காமிக்ஸின் கடைசிச் சித்திரக் கட்டத்தில் யார் பக்கம் நியாயம் நிற்கிறது என்று கவனித்தால் போதும்.

வேறு கலைகளைவிட அன்றாடக் காமிக்ஸில் இது பளிச்சென்று தெரியக் காரணம் வேலையின் வேகம். நாவலாசிரியர் ஒரு கருத்தை ஆண்டுக்கணக்கில் ஆறப்போட்டு எழுதலாம். அன்றாடம் வரைபவருக்கோ இன்றிரவுக்குள் ஒரு யோசனை வேண்டும். அந்த வாரம் அவர் படித்ததும் வாதாடியதும் கோபப்பட்டதும்தான் கைவசம் உள்ள சரக்கு.

அச்சில் இதற்கு ஆசிரியர் என்றொரு வடிகட்டி இருந்தது. கற்கால மனிதர்களை வைத்து ‘பி.சி.’ தொடரை 1958 முதல் வரைந்த ஜானி ஹார்ட், 1980களில் தீவிரக் கிறிஸ்தவரானார். வேடிக்கைத் தொடரில் வேதாகமம் நுழைந்தது. குருத்தோலை ஞாயிறுக்காக அவர் வரைந்ததை 1996இல் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நாளிதழ் வெளியிட மறுத்தது. 2001 ஈஸ்டர் சித்திரத்தில் யூதர்களின் ஏழு கிளை விளக்கில் சுடர்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கூடவே சிலுவையில் இயேசு சொன்ன வாசகங்கள் வருகின்றன. முடிவில் விளக்கே சிலுவையாகிவிடுகிறது. தங்கள் மதம் காலாவதியாகிவிட்டது என்று இது சொல்வதாக யூத அமைப்புகள் கொதித்தன. இணையத்தில் தானே வரைந்து தானே வெளியிடுபவருக்கு, ‘இதை இன்னொரு முறை யோசியுங்கள்’ என்று சொல்ல எந்த ஆசிரியரும் இல்லை. அந்தச் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

விலையைக் கூட்டுவது வாசகர் வடிகட்டல். புதிய நம்பிக்கை பிடிக்காதவர்கள் சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள். மிஞ்சுபவர்கள் ஏற்கெனவே தலையாட்டுபவர்கள். பாராட்டும் சந்தாப் பணமும் அவர்களிடமிருந்தே வருகின்றன. அடுத்த சித்திரம் இன்னும் சற்று அழுத்தமாக வரும், இன்னும் சிலர் விலகுவார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைப் பிடித்தால் அதன் சத்தமே திரும்பத் திரும்ப உள்ளே போய்க் கூச்சலாகிறதே, அதே சுழற்சிதான். 2023 பிப்ரவரியில் ஸ்காட் ஆடம்ஸின் இனம் சார்ந்த பேச்சுக்காக அவர் வரைந்த ‘டில்பர்ட்’ என்ற அலுவலகக் கேலிக் காமிக்ஸை அமெரிக்க நாளிதழ்கள் பல கைவிட்டன. அவரும் இணையச் சந்தாதாரர்களுக்கு வரையப் போனார்.

நம்பிக்கை மாறுவது கலைக்குக் கேடு என்று நான் நினைக்கவில்லை. சின்ஃபெஸ்டிலேயே ஃபியூஷா என்ற சாத்தானின் பணிப்பெண், கிரிமினி என்ற புத்தகப் பிரியனைக் காதலித்து நரகத்தையே விட்டு வெளியேறுகிறாள். தயங்கி, பயந்து, பின்வாங்கி, நெடுங்காலம் எடுத்துக்கொண்டு மாறுகிறாள். அந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். சைக்கிள் சிறுமிக்கோ வந்த அன்றே எல்லாம் தெரிந்திருந்தது.