பழைய கெர்னல் குப்பையன்று

சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். மூல நிரலிலிருந்து தாமே தொகுத்த லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவை, நிறுவிவிட்டு, அதன் பின் எழும்பாத மடிக்கணினியோடு வருபவர்களில் இந்த மாதம் இவர் மூன்றாமவர். தோட்டத்திலிருந்து மழையில் மோட்டார் சைக்கிளில் வந்த போலிடெக்னிக் மாணவர், நெகிழிப்பையை அவிழ்த்து மேசைமேல் வைத்து இயக்கிக் காட்டினார். கேப்ஸ் லாக் விளக்கு விடாமல் சிமிட்டியது. ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதியை) ஏற்ற முடியவில்லை என்ற வரியின் கடைசியில் இரண்டு சுழியங்கள் நின்றன. "ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா ஐயா?" என்று கேட்டார். வட்டுக்கு ஒரு குறையும் இல்லை. கெர்னல்கள் இருக்கும் பூட் பிரிவு நிறைந்துவிட்டதால், வட்டை அணுகக் கெர்னலுக்கு முதலில் உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகவில்லை. அதைக் கவனிக்காமல், இடம் வேண்டுமென்று ஓடிக்கொண்டிருந்த நல்ல கெர்னலையே அழித்திருக்கிறார்.

புதியது வந்தால் பழையது போயாக வேண்டும் என்ற எண்ணம் கைப்பேசிச் செயலிகளால் வந்த பழக்கம் என்றே நினைக்கிறேன். லினக்ஸில் ஒவ்வொரு கெர்னலும் தன் பதிப்பு எண்ணைத் தாங்கிய தனிக் கோப்பாகவும், தனி இனிட்ராம்எஃப்எஸ்ஸாகவும், வன்பொருளை இயக்குவது போன்ற வேலைகளுக்கான துணை நிரல்களான மாட்யூல்களின் தனி அடைவாகவும் இருக்கிறது. பழையதும் புதியதும் அருகருகே கிடக்கலாம். ஒன்றை ஒன்று தொடாது. எது ஓடவேண்டும் என்பதை, கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஒரே பதிப்பை மறுபடி தொகுத்தால் மட்டும் பழைய மாட்யூல்கள் மேலெழுதப்படும். ஆகவே பதிப்பு எண்ணோடு ஒட்டிக்கொள்ளும் லோக்கல்வெர்ஷன் அமைப்பில் உங்கள் பெயரையாவது சேர்த்துவிடுங்கள். இடம்தான் சிக்கல் என்றால், மாட்யூல்களை நிறுவும் கட்டளையோடு இன்ஸ்டால்_மாட்_ஸ்டிரிப்=1 என்று கொடுங்கள். பிழைதேடும் தகவல்கள் நீங்கி, நூற்றுக்கணக்கான எம்பியாக வீங்கும் இனிட்ராம்எஃப்எஸ் சுருங்கிவிடும். நிறுவும் முன் பூட் பிரிவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

கிரப்.சிஎஃப்ஜி கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். அடுத்த கெர்னல் புதுப்பிப்பு அதைத் திரும்ப எழுதிவிடும், பிறகு என்னிடம் வந்து வருத்தப்பட்டுப் பயனில்லை. எட்சியின் கீழுள்ள டிஃபால்ட் அடைவில் இருக்கும் கிரப் கோப்பில் மறைந்திருக்கும் பட்டியலை வெளிக்காட்டி, காத்திருப்பை 10 நொடியாக்கி, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டுங்கள். (கிரப்புக்கு முன்பு புழங்கிய லிலோ காலத்தில் கெர்னலை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை மீண்டும் எழுத மறந்து நானும் தலையில் கைவைத்தவன்தான்.) எழும்போதே மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமிடாத கெர்னல் ஏறாது, அது தொகுப்பின் பிழையன்று. கையொப்பமிட்டு உங்கள் சாவியைப் பதிவுசெய்யுங்கள், அல்லது செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள்.

அந்த மாணவரின் கணினியை யூஎஸ்பியிலிருந்து இயக்கி, அவருடைய லினக்ஸ் விநியோகத்தின் (உபுண்டு போன்ற ஆயத்தத் தொகுப்பு) கெர்னலைத் திரும்ப நிறுவிக் கொடுத்தேன். கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. தம்பிமார்களே, தங்கைமார்களே, புதிய கெர்னலை ஒரு வாரமாவது ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று சோதியுங்கள். அதன் பிறகும்கூட, விநியோகம் கொடுத்த கெர்னல் ஒன்றைத் தொடாமல் விட்டுவையுங்கள்.