கடைத்தெருவில் சைக்கிள் பாதை: வரைபடம் தொங்கும் நான்கு வாரம்

மதிப்பீட்டு வரி கட்டப் போனபோது நகராண்மைக் கழக அலுவலகச் சுவரில் பெரிய வண்ண வரைபடம் ஒன்று தொங்கியது. எங்கள் பட்டணமும் அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களும் அதில் இருந்தன. எல்லோரையும் போல நானும் என் வீடு எங்கே என்று விரலால் தேடினேன், கண்டுபிடித்தேன், வந்துவிட்டேன். தோட்ட ஆபீசில் முப்பது வருஷம் கிராணியாக இருந்தவன் நான். அப்படியிருந்தும் வரைபடத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்த தேதியைப் படிக்கவில்லை. பிறகு கடைத்தெருவில் சைக்கிள் பாதைக்குக் கோடு போட ஆட்கள் வந்ததும் ஓடிப் போய்க் கேட்டேன். "ஆட்சேபம் சொல்ற நாள் முடிஞ்சு ரொம்ப நாளாச்சே அங்கிள்" என்றது முகப்பில் இருந்த பிள்ளை.

அந்தத் தேதிக்குள் என்ன செய்யலாம் என்பதை, என்னைப் போல ஏமாறாமல் இருக்க, எழுதி வைக்கிறேன்.

சுவரில் தொங்குவது என்ன

மலாயில் அதற்கு ரஞ்சாங்கான் தெம்பாத்தான் என்று பெயர். தமிழில் உள்ளூர்த் திட்டம் என்று சொல்லிக்கொள்வோம். மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, அதாவது சட்டம் 172இன்படி, நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றங்கள் இதைத் தயாரிக்க வேண்டும். மாநிலம் முழுமைக்கும் பொதுவான அமைப்புத் திட்டம் ஒன்று இருக்கும். அதற்கு அடங்கி, எங்கே கடை, எங்கே வீடு, எது திடல், எந்தச் சாலை அகலமாகும் என்று சொல்வது உள்ளூர்த் திட்டம். வரைபடம் பாதிதான். கூடவே தடியாக ஒரு விளக்கப் புத்தகம் இருக்கும். முக்கியமான சங்கதிகள் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

கடைத்தெரு மாதிரி ஒரு சின்ன இடத்தை மட்டும் எடுத்துப் புதுப்பிக்கவோ சீரமைக்கவோ பாதுகாக்கவோ நினைத்தால், அதே சட்டத்தின் 16பி பிரிவில் சிறப்புப் பகுதித் திட்டம் என்று தனியாக ஒன்று உண்டு. 2025 ஆகஸ்டில் மக்களவையில் தாக்கலான நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த மசோதாவின் சண்டை, பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட எத்தனை விழுக்காட்டு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும் என்பது. நம் பட்டணத்து இரண்டு வரிசைக் கடைகளுக்கு முன்னால் சைக்கிள் பாதை வருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏன் இந்த நான்கு வாரம் பெரிது

வரைவு தயாரானதும் பத்திரிகையில் அறிவிப்பு போட வேண்டும், பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 4 வாரம் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 13. தமிழ்ப் பத்திரிகையில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தேசிய மொழிப் பத்திரிகை ஒன்றில் கட்டாயம் வரவேண்டும் என்பதுதான் விதி. இந்த 4 வாரத்தைச் சாதாரணமாக நினைக்க முடியாததற்கு இரண்டு காரணம் உண்டு.

முதலாவது, நமக்கு ஊராட்சித் தேர்தல் கிடையாது. 1965இல் நிறுத்தி வைத்தார்கள், பிறகு 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், சட்டம் 171, அதை மொத்தமாகவே மூடிவிட்டது. தலைவரையும், 8க்குக் குறையாமல் 24க்கு மிகாமல் கவுன்சிலர்களையும் மாநில அரசுதான் நியமிக்கிறது. கடைத்தெருவைக் கெடுத்துவிட்டார்கள் என்று அடுத்த தேர்தலில் கவுன்சிலரைத் தோற்கடிக்க வழியில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் நுணுக்கமானது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் யாராவது மேம்பாட்டுக்கு விண்ணப்பித்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்கிறது பிரிவு 21. ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேல் போகாத சாலைக்கோ சாக்கடைக்கோ எதிர்ப்பக்க நிலம் எல்லாம் இதில் வரும். உள்ளூர்த் திட்டம் அமலுக்கு வந்த இடத்திலோ அந்த நோட்டீசைச் சட்டம் 172 கட்டாயமாக்கவில்லை. திட்டம் வரும்போதே உங்களைக் கேட்டாகிவிட்டது என்பது கணக்கு. நீங்கள் அன்று விரலால் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தீர்கள் என்பது கணக்கில் வராது. அப்படியே நோட்டீஸ் வந்தாலும் நில உரிமையாளருக்குத்தான் வரும். வாடகைக்குக் கடை வைத்திருப்பவர் கையில் ஒன்றும் வராது.

உள்ளூர்த் திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்ல நிலம் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. வாடகைக் கடைக்காரர், சந்தைக்கு வரும் ஆயா, பள்ளிப் பிள்ளையின் தாயார், யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆட்சேபப் பாரத்தில் பெயர், முகவரி, திட்டத்தின் எந்தப் பக்கம், எந்த இடம், என்ன காரணம், என்ன மாற்று என்று கேட்டிருப்பார்கள். நேரில் விளக்கம் சொல்ல விரும்புகிறேன் என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். ஆட்சேபங்களை விசாரிக்க மூவர் கொண்ட குழு அமைக்க வேண்டும், நேரில் பேசக் கேட்டவர்களை அந்தக் குழு கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 14. அந்த ஒரு வரி எழுதாததால் பலர் பேசும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

"சைக்கிள் பாதை வேண்டாம், வியாபாரம் கெடும்" என்று ஐம்பது பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம் வழக்கம். தோட்ட ஆபீசில் அப்படி வந்த மனுக்களை எந்த இழுப்பறையில் வைப்போம் என்பது எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்: அது வேலைக்காகாது. "பஸ் நிறுத்தத்துக்கும் தமிழ்ப்பள்ளி வாசலுக்கும் இடையே பாதை சாலையின் வலப்பக்கம் மாறுகிறது. பிள்ளைகள் இரண்டு முறை சாலையைக் கடக்க வேண்டி வரும். இடப்பக்கமே தொடர வேண்டும்" என்று ஒரே ஒருவர் எழுதினால், யாராவது ஒருவர் உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

முதலில் சாலை யாருடையது?

நகராண்மைக் கழகத்திடம் போய்க் கத்துவதற்கு முன் இதைப் பாருங்கள். தோட்டப் பட்டணங்களின் கடைத்தெரு பல ஊர்களில் பெரிய சாலைதான். சுங்கை சிப்புட், பீடோர், தஞ்சோங் மாலிம் வழியாகப் போகும் பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையை நினைத்துப் பாருங்கள். சாலையோரப் பலகையில் வெறும் எண் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. எழுத்தோடு எண் இருந்தால் மாநிலச் சாலை: சிலாங்கூருக்கு பி, பேராவுக்கு ஏ, கெடாவுக்கு கே. இந்த இரண்டு வகையிலும் பொதுப்பணித் துறையான ஜேகேஆரின் சம்மதம் இல்லாமல் கழகம் கையை வைக்க முடியாது. பின்பக்கச் சந்துகளும் தாமான் தெருக்களும் பெரும்பாலும் கழகத்தின் கையில் இருக்கும். தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதை கம்பெனிக்குச் சொந்தம்.

ஆக, லயத்திலிருந்து பட்டணம் வரை சைக்கிளில் வரும் ஒருவர் 4 கிலோமீட்டருக்குள் மூன்று எஜமானர்களின் மண்ணைத் தாண்டுகிறார். அழகான பாதை கடைத்தெருவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். விளக்கப் புத்தகத்தில் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அந்தந்தத் துண்டுக்கு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதவில்லையென்றால் அதுவே ஓர் ஆட்சேபம்.

யாருக்காகப் பாதை

என் சின்ன வயதில் பால்மரம் வெட்டப் போனவர்களும் சைக்கிள்தான், சம்பள நாளில் பட்டணத்துக்கு வந்தவர்களும் சைக்கிள்தான். இப்போது நம் பிள்ளைகள் மோட்டாரில் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கடைத்தெருவில் நின்று பார்த்தால், சைக்கிளில் வருகிறவர் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசி, நேப்பாளி. பின்னால் அரிசி மூட்டை, ஹேண்டிலில் கோழி. மற்றவர்கள் லைசென்ஸ் இல்லாத மாணவர்களும் மோட்டார் ஓட்ட முடியாத கிழவர்களும். வரைபடத்தில் ஹெல்மெட் போட்டு மெலிந்த சைக்கிளில் போவதாக வரைந்திருக்கும் ஆள் எங்கள் ஊரில் இல்லை. பாதை இவர்களுக்குப் பயன்படுமா என்று மட்டும் பாருங்கள்.

வெறும் சாயம் பூசிய பாதையை நம்பாதீர்கள். 2018இல் உலக நகர்ப்புற மாநாட்டை ஒட்டி கோலாலம்பூரில் நீலச் சாயம் பூசினார்கள். கார்கள் அதன்மேல் நின்ற படங்களைப் பத்திரிகையில் பார்த்தோம். ஒட்டுக்கடை வாசலில் அது இன்னும் வேகமாக நடக்கும். "ரெண்டு நிமிஷம்தான் அண்ணே, பொட்டலம் கட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லாதவர் யார்? ஆகவே தாழ்வான திண்டு போட்டுப் பிரிக்கிறார்களா, கார் நிறுத்தத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா பாதை போகிறது என்று கேளுங்கள். சாய்வாகக் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் பாதை போட்டால், பின்னோக்கி வரும் காருக்குச் சைக்கிள் தெரியாது.

அகலம் போதாது என்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இங்கே லோரியின் அகலம் 2.5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. குலை லோரி போகும் சாலையில்கூட ஒரு தடத்தை 3.5 மீட்டரிலிருந்து 3.25 மீட்டராக்கினால் லோரிக்கு இடமிருக்கும், இரண்டு தடத்திலும் சேர்த்து அரை மீட்டர் மிச்சமாகும். ஒரு பக்கக் கார் நிறுத்தத்தை எடுத்தால் இன்னும் 2 மீட்டருக்கு மேல் கிடைக்கும். அதை எடுப்பதா வேண்டாமா என்பதுதான் உண்மையான சண்டை. கடைக்காரர்களின் பயம் நியாயம்தான், ஆனாலும் அந்த இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்பது பல கடைகளில் முதலாளியின் சொந்தக் கார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பாதையில் மோட்டார் நுழையும். தடுக்கக் கம்பம் நட்டால் சக்கர நாற்காலியும் மூட்டை கட்டிய சைக்கிளும் நுழையும் இடைவெளி வேண்டும். சாக்கடை மூடியின் கம்பிகள் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் டயர் சிக்கும். குறுக்கே இருக்க வேண்டும். நிழல் இல்லாத பாதையில் பகல் 12 மணிக்கு யாரும் மிதிக்க மாட்டார்கள். அழகுக்கு வைக்கும் ராஜபனை நிழல் தராது, மழைமரம் தரும். சைக்கிளைப் பூட்ட இரும்பு வளையம் எங்கே என்றும் பாருங்கள், வரைபடத்தில் மறந்துபோவது அதுதான். ஜேகேஆரிடம் சைக்கிள் பாதை வடிவமைப்புக்கென்றே 1986ஆம் ஆண்டு தொழில்நுட்ப வழிகாட்டி ஒன்று இருக்கிறது. எந்த வழிகாட்டியைப் பின்பற்றினீர்கள் என்று விசாரணையில் கேட்கலாம், தப்பில்லை.

கடைக்கும் கோயிலுக்கும்

சாலையை அகலப்படுத்தச் சொந்த நிலத்தை எடுத்தால் 1960ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டப்படி இழப்பீடு உண்டு. தொகை போதாது என்றால் பாரம் 'என்' வழியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். நில நிர்வாகி தொகையை அறிவிக்கும்போது நீங்களும் அங்கே இருந்தால் அன்றிலிருந்து 6 வாரம்தான் கெடு. சாலை ரிசர்வில் நிற்கும் அங்காடிக்கடையின் கதை வேறு. அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தத் தரும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் அந்த வருஷம் டிசம்பர் 31க்கு மேல் ஓடாது, கைமாற்றவும் முடியாது. புதுப்பிக்காமல் விட்டாலே கதை முடிந்தது. சாலையோரச் சின்னக் கோயில்களில் பலவும் இதே நிலையில்தான் இருக்கின்றன. ஆகவே புதிய வரைபடத்தில் உங்கள் கடைக்கு, கோயிலுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இவர்களுக்கு முதல் வேலை. கட்டம் இல்லையென்றால் மாற்று இடம் எது என்று பாரத்திலேயே கேளுங்கள்.

கடை முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் சாமான் அடுக்குவது ஏற்கெனவே குற்றம். சாலை, வடிகால், கட்டடச் சட்டமான சட்டம் 133இன் பிரிவு 46இன்படி முதல் முறை 500 வெள்ளி வரை, மறுபடியும் செய்தால் 1,000 வெள்ளி வரை அபராதம். சைக்கிள் பாதையால் வியாபாரம் போகிறது என்று வாதாடப் போகும் கடைக்காரர், போவதற்கு முன் அந்த வெங்காய மூட்டைகளை உள்ளே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

கழகத்தின் கூட்டங்கள், கழகமே வேறு விதமாகத் தீர்மானிக்காத வரை, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை என்கிறது சட்டம் 171இன் பிரிவு 23. போய் உட்காரலாம், பேச முடியாது. சிலாங்கூரில் இருப்பவர்கள் இந்தியச் சமூகத் தலைவரிடமும் சொல்லி வைக்கலாம், ஆனால் அவரிடம் வாயால் சொன்னது ஆட்சேபமாகாது. பாரத்தை நீங்களே கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் ஒருவருக்கு அதிக நேரம் கிடைக்காது. ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கும், பள்ளி விடும் நேரத்திலும், மழை கொட்டும்போதும் அதே இடத்தைப் படமெடுத்து, அளவு நாடா பிடித்து அகலத்தை எழுதிக்கொண்டு போங்கள். மலாயில் பேசத் தயக்கமாக இருந்தால் ஆறாம் படிவம் படிக்கும் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த முறை நான் அப்படித்தான் போகப் போகிறேன்.